அணை உடைந்த பிற்பகல்

என் நண்பருக்குக் கண் தெரியவில்லை என்ற சந்தேகத்தை எனக்குத் தந்தது ஒரு யன்னல் சீலை.

ஒரு காலை எங்கள் விறாந்தையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் என் மனைவியிடம், "உந்த நீலச் சீலை போட்ட பிறகு வீடே வெளிச்சமாப் போச்சுது, தங்கச்சி" என்றார். மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. அவருடைய தட்டில் இன்னொரு துண்டு கேக் வந்து விழுந்தது. என் தட்டைக் கவனிக்க ஆளில்லை. நான் யன்னலைப் பார்த்தேன். அது வெறுமையாக இருந்தது. நீலச் சீலை தோய்க்கப்பட்டுக் கிணற்றடிக்கு அப்பால் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. புதுச் சீலை வாங்கிய செய்தியை மனைவி அவருக்கு முந்தின கிழமை சங்கக்கடை வாசலில் வைத்துச் சொன்னது எனக்கு நினைவிருந்தது.

மாவட்ட அரச அலுவலகமான கச்சேரியில் என் உத்தியோக காலத்தின் பெரும்பகுதி ஒழுக்காற்று விசாரணைகளில் கழிந்தது. கண்டதைக் காணவில்லை என்று சொல்பவனை மடக்குவது கஷ்டம். காணாததைக் கண்டேன் என்பவன் தானாகவே அகப்படுவான். கேளாமலே ஒரு விவரத்தைக் கூடுதலாகச் சொல்வான். சீலையைப் பற்றி அவரிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டிருக்கவில்லை.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். சண்டிலிப்பாயில் எங்கள் ஒழுங்கையின் கடைசி வீடு, எங்கள் வேலிக்கு அப்பால் இருப்பது, அவருடையது. மிஷன் பாடசாலை ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ஊர் அவரை மாஸ்ரர் என்றுதான் அழைக்கும். மனைவி காலமான பிறகு தனியாக இருக்கிறார். முன்பெல்லாம் காலைப் பேப்பரை அவர் வாசிக்க நான் கேட்பேன். இப்போது அதை என்னிடம் நீட்டி, "உம்மடை குரலிலை மரண அறிவித்தல் கேட்டால்தான் செத்தவனுக்கே ஒரு மரியாதை, வாசியும்" என்கிறார். ஒழுங்கையில் எதிரே வருகிறவர் வாய் திறக்கும்வரை இவர் வாய் திறப்பதில்லை. திறந்த கணமே பெயர் சொல்லிச் சுகம் விசாரிப்பார். கோப்பையில் தண்ணீர் ஊற்றும்போது விரல் நுனி ஒன்று உள்ளே போய் நிற்கும். இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. என் மனைவி உட்பட வேறு யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் அவரை விரும்பினார்கள், அதனால் உற்றுப் பார்க்கவில்லை.

அவர் ஏன் ஒளிக்கிறார் என்பதற்கு விசாரணை தேவைப்படவில்லை. ஒரே மகள் கனடாவில் இருக்கிறாள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் ஆபத்துகளை மதிப்பிடும் வேலை. தகப்பனின் கண்ணுக்குள் அழுத்தம் கூடுகிறது என்பது அவளுக்கு முன்பே தெரியும். பார்வை இப்படியே நின்றால் அவர் ஊரிலேயே இருக்கலாம், மங்கினால் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று தொலைபேசியில் திட்டமாகச் சொல்லியிருந்தாள். அவரும் மருந்துத்துளி நன்றாக வேலை செய்கிறது என்று கிழமைக்குக் கிழமை பதில் சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அவள் நேரில் பார்த்து முடிவெடுக்க வருகிறாள். மாஸ்ரருக்கோ கனடா என்ற சொல்லே குளிர்காய்ச்சல்.

இந்தப் பின்னணியில்தான் எங்கள் முதியோர் சங்கக் கூட்டத்தில் அவர் எழுந்து, சனசமூக நிலைய மண்டபத்தில் ஒரு படம் காட்ட வேண்டும் என்று பிரேரித்தார். நான் அந்தச் சங்கத்தின் தலைவர். பிரேரணை என்றால் அதற்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், ஆளுக்குப் பின்னால் ஒரு தேவை இருக்கிறது என்பது என் அனுபவம்.

"என்ன படம்?" என்று கேட்டேன்.

"பழைய இங்கிலிஷ் பகிடிப் படம். அணை உடைஞ்சு ஊர் அள்ளுப்படுற கதை."

"அணை உடையிறதிலை என்ன பகிடி?"

"அதுதான் பகிடியே. அந்தக் காலத்திலை கப்பல் தாழுறது, கட்டடம் எரியிறது, மலை வெடிக்கிறது எண்டு பெரிய பெரிய அழிவுப் படங்கள் வந்தது. எல்லாரும் முகத்தை நீட்டி வைச்சுக்கொண்டு கதைப்பினம். இந்தப் படம் அதுகளைப் பழிக்கிறது. ஒருத்தரும் சிரிக்கமாட்டினம். அவ்வளவு பாரதூரமா முட்டாள்வேலை செய்வினம்."

"எங்கடை சனத்துக்கு இங்கிலிஷ் விளங்குமோ?"

"நான் பக்கத்திலை நிண்டு தமிழிலை சொல்லுவன்" என்றார்.

கூட்டம் கைதட்டியது. நான் தட்டவில்லை. திரைக்குப் பக்கத்தில் நிற்கிறவர் சனத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். அவருடைய முதுகு திரைக்கு. அவர் படத்தைப் பார்க்கிறாரா இல்லையா என்பதை ஒருவரும் கேட்கப்போவதில்லை.

கூட்டம் முடிந்து ஒழுங்கையால் வரும்போது நேரடியாகவே கேட்டேன். "ஐசே, உந்தப் படத்தை எத்தனை தரம் பாத்திருப்பீர்?"

"விடுதிக்குப் பொறுப்பா இருந்த காலம் முழுக்க, தவணை முடிவிலை பெடியளுக்குப் போட்டுக் காட்டினது உதுதான். ஒவ்வொரு வசனமும் பாடம்."

"கண்ணை மூடிக்கொண்டும் சொல்லுவீர்."

அவர் நடையை நிறுத்தினார். பிறகு குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, "ஓம் காணும், சொல்லுவன். மகள் முன்வரிசையிலை இருந்து பாக்கட்டும். ஒரு மண்டபம் சனத்துக்கு ஒரு படத்தை விளங்கப்படுத்துறவனைக் குருடன் எண்டு ஆர் சொல்லுவான்? அவள் திரும்பிப் போகுமட்டும் உம்மடை விசாரணையை ஒத்திவையும்" என்றார்.

ஒத்திவைத்தேன். ஒத்திவைப்பதில் எனக்குள்ள பயிற்சிக்கு நாட்டில் ஈடு கிடையாது.

படத்தை முதலில் நான் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். தலைவர் என்ற முறையில் உள்ளடக்கத்துக்கு நான் பொறுப்பு. சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற தபாலதிபர், தன் வீட்டு லப்டொப்பில் போட்டுக் காட்டினார். மலையடிவாரத்தில் ஒரு ஊர். மேலே அணையில் வெடிப்பு. ஒரு பேராசிரியர் வந்து எச்சரிக்கிறார். நகரபிதா உடனே ஒரு குழு அமைக்கிறார். எச்சரிக்கை அறிவித்தலில் 'வெள்ளம்' என்று எழுதுவதா, 'மேலதிக ஈரம்' என்று எழுதுவதா என்று குழு விவாதிக்கிறது. மேசைக்குக் கீழே தண்ணீர் ஏறுகிறது. உறுப்பினர்கள் கால்களைக் கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு கூட்டத்தைத் தொடர்கிறார்கள். எச்சரிக்கையைக் காது கொடுத்துக் கேட்ட ஒரே ஜீவன் ஒரு வெள்ளாடு. படத்தின் பாதிக்கு மேல் அதையே உதவி நகரபிதாவாக நியமித்துவிடுகிறார்கள்.

செயலாளர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கச்சேரியில், வெள்ளம் புயல் வந்தால் பொறுப்பேற்கும் அனர்த்த முகாமைத்துவக் கடமையும் சில காலம் என் தலையில் இருந்தது. அந்தக் குழுவில் நானும் இருந்திருக்கிறேன். கதிரையில் கால் வைத்த நிலையில் முந்திய கூட்டத்தின் அறிக்கையை உறுதிப்படுத்த முடியுமா என்ற ஒரு கேள்விதான் எனக்கு எழுந்தது. முடியும். கூட்டம் நடத்தத் தேவையான நிறைவெண் இருந்தால் போதும்.

மகள் வந்து இறங்கினாள். அவளையும் நான் கவனித்தேன். வந்த அடுத்த நாளே கைத்தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வளவு முழுக்கப் படம் எடுத்தாள். கிணறு, குசினிப் படி, பின்வேலி, பலா மரத்தடி. என் வேலிக்கு மேலால் எனக்கு எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

"காணி விலை விசாரிக்கிறாள் போலை" என்றேன் மனைவியிடம்.

"இஞ்சருங்கோ, பிள்ளை தான் பிறந்த வீட்டைப் படம் எடுக்குது."

"பிறந்த வீட்டை எடுக்கிறவை முகப்பைத்தான் எடுப்பினம். காஸ் சிலிண்டரை ஏன் எடுக்கிறாள்?"

"உங்களுக்குக் கடவுளே வந்தாலும் அடையாள அட்டை கேப்பியள்" என்றுவிட்டு அவள் உள்ளே போனாள்.

தகப்பன் அந்த நாட்களில் அற்புதமாக நடித்தார். அவருடைய வீட்டில் எல்லாமே அதனதன் இடத்தில் இருந்தன. சீனிப் போத்தலை மகள் கை மாறி வைத்தாலொழிய அவர் தடுமாறமாட்டார். அவள் மாறி வைத்தாள். சீனியின் இடத்தில் உப்புப் போத்தல் வந்து நின்றது, அவர் அதைத் தொடாமல் வெறும் தேத்தண்ணியைக் குடித்தது அதிர்ஷ்டம். வைத்தியர் சீனியைத் தவிர்க்கச் சொன்னதாகச் சமாளித்தார். நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். மகள் என்னைப் பார்த்தாள். நான் மரண அறிவித்தல்களை வாசித்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமைப் பிற்பகல் மண்டபம் நிறைந்தது. யன்னல்களுக்குச் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கியிருந்தோம். அளவெட்டியிலிருந்துகூட இரண்டு நாதஸ்வரக்காரர் வந்திருந்தார்கள், ஓய்வில் இருப்பவர்கள், இங்கே கச்சேரி என்று யாரோ பிழையாகச் சொல்லியிருக்க வேண்டும். மகள் முன்வரிசையில் இருந்தாள். எனக்கும் என் மனைவிக்கும் அவளுக்குப் பக்கத்துக் கதிரைகள். மாஸ்ரர் இஸ்திரி போட்ட நீளக்கைச் சட்டையோடு திரைக்கு இடப்பக்கம் ஒரு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பார்ப்பவர்களுக்கு அது மிடுக்கு. எனக்கு அது நங்கூரம்.

படம் தொடங்கியது. ஒலிப்பெட்டியிலிருந்து ஒரு ஆங்கில வசனம் வரும். அடுத்த நொடி மாஸ்ரரின் தமிழ் வரும். பிசகவில்லை. சொல்வதிலேயே ஒரு அழகு இருந்தது. நகரபிதாவுக்கு எங்கள் ஊர்ப் பழைய கிராமத் தலைவர் விதானையாரின் குரலைக் கொடுத்தார், பேராசிரியருக்கு மூக்கால் கதைக்கும் ஒரு வைத்தியரின் குரலை. சனம் ஆட்களை அடையாளம் கண்டுகொண்டது.

ஆனால் படம் எதிர்பார்த்த இடத்தில் அவர்கள் சிரிக்கவில்லை. அணையின் வெடிப்பிலிருந்து தண்ணீர் பாயத் தொடங்கியதும் புகையிலைச் செய்கை பண்ணும் முதியவர் ஒருவர் தாங்கமாட்டாமல் எழுந்துவிட்டார். "எவ்வளவு நல்ல தண்ணி, சும்மா போகுதே! உதைத் திருப்பி ஒரு வாய்க்கால் வெட்ட ஒருத்தனுக்கும் மூளையில்லையோ?" வற்றாத ஆறு ஒன்றுமே இல்லாத குடாநாட்டில் வாழ்க்கை முழுக்கக் கிணற்றை நம்பி இறைத்த மனிதர். ஊர் அழிவது அவருக்கு இரண்டாம் பட்சம். அவருக்கு ஆதரவாக மண்டபத்தில் பல தலைகள் ஆடின. பக்கத்தில் ஒருவர், "உவங்களுக்கு மழையும் இருக்கு, அணையும் இருக்கு, அறிவுதான் காணாது" என்றார்.

அடுத்து, ஊரை விட்டு வெளியேறச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவிப்பு வரும் காட்சி. ஒரு குடும்பம் ஒரு பை மட்டும் கொண்டுபோகலாம். படத்தில் மனைவி பூச்சாடியைத் தூக்குகிறாள், கணவன் சுவர்மணிக்கூட்டைத் தூக்குகிறான். அது சிரிப்பதற்கான இடம். எங்கள் மண்டபம் சிரிக்கவில்லை. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு பெண்குரல் திரையைப் பார்த்து உரத்துச் சொன்னது: "பூச்சாடியை வைச்சிட்டுத் தையல் மெசினை எடு, பிள்ளை!"

"முதலிலை உறுதியை எடுக்கச் சொல்லு. காணி உறுதி இல்லாமல் திரும்பி வந்து என்ன செய்யப்போகினம்?"

"பால்மா, பால்மா."

"ஆட்டை அவிட்டு விட்டவையோ?"

"ஆடு படத்திலை கடைசிமட்டும் இருக்கும், பயப்பிடாதேங்கோ" என்று மாஸ்ரர் ஆறுதல் சொன்னார். அப்போதுதான் மண்டபம் சிரித்தது. படம் எடுத்தவர்கள் இந்தச் சனத்தைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்கள். இவர்கள் அனுபவசாலிகள். அழிவைப் பழிக்கும் படத்தில் இவர்கள் நடைமுறைக் குறைபாடுகளைத்தான் முதலில் கண்டார்கள். முதன்முறையாக எங்கள் சங்கத்தின் மேல் எனக்கு மதிப்பு உண்டானது.

மகள் சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், தகப்பனைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்தாள். காரியம் கைகூடிவிடும் போலவே தெரிந்தது. நல்லபடியாகப் போகும் எதிலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

தண்ணீர் முழங்காலுக்கு ஏறிக் குழுக் கூட்டம் முடியப்போகிற இடத்தில் கரண்ட் போய்விட்டது.

இருட்டில் சனம் தங்கள் தங்கள் வருத்தங்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தது. செயலாளர் தேத்தண்ணிப் பக்கம் போனார். கரண்ட் திரும்பி வந்ததும் திரையில் வெளிச்சம் வந்தது, ஒலிப்பெட்டியில் ஒரு பொறி தெறித்து மணம் கிளம்பியது. சத்தம் அவ்வளவுதான். "பெட்டி எரிஞ்சு போச்சு, ஐயா. நிப்பாட்டுவமோ?" என்று செயலாளர் என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்கு முன் மாஸ்ரர் சொன்னார்: "சத்தம் என்னத்துக்கு? நான் இருக்கிறன்தானே. விடும், ஓடட்டும்."

அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்தது. படம் ஓடிய லப்டொப் மின்கலத்தில் இயங்குவது, கரண்ட் போனபோது அணைந்தது திரைக்கு ஒளி போடும் கருவி மட்டும். கரண்ட் இல்லாத நேரத்திலும் அது படத்தைத் தன்பாட்டில் ஓட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. திரை வெளிச்சமானபோது குழுக் கூட்டம் எப்போதோ முடிந்து, அதற்கடுத்த தேவாலயத் திருமணக் காட்சியும் முடிந்து, மீட்புப் படகு வந்து சேர்ந்திருந்தது. அவர் காதுக்கு உதவ இப்போது ஒலியும் இல்லை. திரும்பித் திரையைப் பார்க்கிற எவனுக்கும் ஒரு கணத்தில் விளங்கும். அவர் திரும்பவில்லை.

"இப்ப கோயிலிலை கலியாணம்" என்று, படம் நின்ற இடத்துக்கு அடுத்த காட்சியிலிருந்து தொடங்கினார். "வெள்ளை உடுப்போடை பொம்பிளை வாறா. எவ்வளவு வடிவு பாருங்கோ."

திரையில் வெள்ளாடு படகை நோக்கி நீந்தி வந்தது.

மண்டபம் ஒரு கணம் திகைத்து, பிறகு வெடித்தது. அப்படியொரு சிரிப்பை நான் அந்த மண்டபத்தில் கேட்டதில்லை. மாஸ்ரரின் முகம் மலர்ந்தது. குரல் இன்னும் உயர்ந்தது.

"மாப்பிளை மெதுவாக் கையைப் பிடிக்கிறார்."

பருத்த பொலிஸ்காரன் ஒருவன் ஆட்டின் முன்னங்காலைப் பிடித்துப் படகுக்குள் இழுத்தான்.

"பொம்பிளை வெக்கத்திலை தலையைக் குனியிறா."

ஆடு நகரபிதாவின் தொப்பியைத் தின்னத் தொடங்கியது. அளவெட்டிக்காரர் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துவிட்டார்கள். புகையிலைச் செய்கைக்காரர் தண்ணீரை மறந்துவிட்டார். எல்லோரும் அதைப் படத்தின் பகிடி என்றோ மாஸ்ரரின் பகிடி என்றோ எடுத்துக்கொண்டார்கள். பழிப்புப் படத்தைப் பழித்துச் சொல்கிறார் என்று நினைத்திருக்கலாம்.

நான் எழுந்தேன். "அன்பர்களே, தேத்தண்ணி இடைவேளை" என்றேன்.

"ஐசே தலைவர், இரும். சனம் இப்பதான் சிரிக்கத் தொடங்கியிருக்குது" என்றார் மாஸ்ரர். ஊர் எனக்கு எதிராகக் கூச்சல் போட்டது. மனைவி என் வேட்டியைப் பிடித்து இழுத்தாள். "நாலு பேர் சந்தோசமா இருந்தால் உங்களுக்குப் பொறுக்காதே? இருங்கோ!"

இருந்தேன். பக்கத்தில் மகளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, பிள்ளையாக இருந்த காலத்தில் சிரித்ததைப் போல. பிறகு தலையை நிமிர்த்தினாள். திரையைப் பார்க்கவில்லை. தகப்பனின் முகத்தைப் பார்த்தாள். அவர் மண்டபத்தின் நடுவில் யாருமில்லாத ஓரிடத்தைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டு, "இப்ப போதகர் கண்ணீரோடை ஆசீர்வதிக்கிறார்" என்றார். திரையில் தீயணைப்புக்காரன் குழாயைப் பிடித்து எல்லோரையும் நனைத்துக்கொண்டிருந்தான். அவளுடைய கைத்தொலைபேசி மெல்ல மடிக்கு இறங்கியது.

படம் முடிந்ததும் சனம் அவரைச் சூழ்ந்துகொண்டது. புகையிலைச் செய்கைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "படத்தை விட நீங்கள் சொன்னதுதான் திறம், மாஸ்ரர். ஆட்டுக்கு ஒரு மாப்பிளை பிடிச்சுக் கட்டி வைச்சியளே!"

மாஸ்ரர் உடனே சிரிக்கவில்லை. ஒரு மூச்சு தாமதமாகத்தான் சிரித்தார். "ஓம், ஓம். சும்மா ஒரு முஸ்பாத்திக்கு" என்றார். அந்தத் தாமதத்தை நான் பார்த்தேன். மகளும் பார்த்தாள்.

சைக்கிள்கள் நிற்கும் வேப்பமரத்தடியில் அவள் என்னை மறித்தாள். "அங்கிள், அப்பாவுக்குக் கண் தெரியுதோ இல்லையோ?"

என்னிடம் பதில்கள் இருந்தன. வைத்திய அறிக்கையின்றிக் கருத்துச் சொல்ல இயலாது என்பது ஒன்று. சம்பந்தப்பட்டவரிடமே விளக்கம் கோருவது முறை என்பது இன்னொன்று. இந்த மாதிரிப் பதில்களால் ஒரு மாவட்டத்தையே நான் வருடக்கணக்காகச் சமாளித்திருக்கிறேன். ஆனால் அவள் அழவில்லை, மிரட்டவில்லை, என் முகத்தைச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். ஆபத்தை மதிப்பிடுகிறவளுக்குப் பொய்யான தரவைக் கொடுப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

"தெரியேல்லை, பிள்ளை" என்றேன். "கனநாளாத் தெரியேல்லை."

அடுத்த நாள் பின்னேரம் மூவரும் அவர்கள் வீட்டு விறாந்தையில் இருந்தோம். மாஸ்ரர் என் பக்கம் முகம் திருப்பவில்லை. திருப்பியும் பயனில்லை என்பது வேறு விஷயம். அவர் கோபத்தைக் காட்ட விரும்பினார்.

"அங்கை வந்து நான் என்ன செய்ய?" என்று மகளிடம் கேட்டார். "உன்ரை வீட்டிலை லைட் சுவிச் எந்தச் சுவரிலை எண்டும் எனக்குத் தெரியாது. விடிஞ்சால் சோபா, பொழுதுபட்டால் கட்டில். இஞ்சை கிணத்தடிக்குப் போக எனக்குக் கண் வேண்டாம். தேவாலயத்துக்குப் போக வேண்டாம். உவற்றை வீட்டை போக வேண்டாம், இனிப் போகவும் மாட்டன்."

"நேற்று ஒரு ஆட்டுக்குக் கலியாணம் செய்து வைச்சனீங்கள், அப்பா."

"சனம் சிரிச்சது."

"நானும்தான் சிரிச்சனான். அதுதான் எனக்குக் கோவம்."

பிறகு அவள் கைத்தொலைபேசியை எடுத்து என்னிடம் படங்களைக் காட்டினாள். கிணற்றுக்கட்டு தாழ்ந்திருக்கும் பக்கம். குசினிப் படியில் உடைந்த விளிம்பு. பலா மரத்தின் வேர் பாதைக்கு மேலால் ஓடுகிற இடம். காஸ் குழாயின் வெடிப்பு. ஒவ்வொன்றிலும் சிவப்பு வட்டம் போட்டிருந்தாள். வந்த அடுத்த நாளே அவளுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. வீடு விற்கப் போகிறாள் என்று நான் முடிவுகட்டியிருந்த படங்கள் இவை. என் தொழிலில் என்னைவிடத் தேர்ந்த ஒருத்தியை நான் வேலிக்கு மேலால் பார்த்திருக்கிறேன்.

"கிணத்துக்குக் கம்பிவலை. படிக்குக் கைபிடி. சமைக்க ஒரு அம்மா வரவேணும்" என்றாள். "அப்பிடியெண்டால் நான் இப்ப கூட்டிக்கொண்டு போகேல்லை. ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் அங்கிள் எனக்கு வட்சப்பிலை எழுதவேணும். விழுந்தால், தடுமாறினால், எது நடந்தாலும். அண்டைக்கே ரிக்கெற் போடுவன்."

"உவரோ?" மாஸ்ரர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "உவர் தன்ரை நிழலையே பின்தொடர்ந்து போய் விசாரிக்கிற ஆள்!"

"அதுக்காகத்தான், அப்பா."

அவள் கனடாவுக்குத் திரும்பிவிட்டாள். அதன்பிறகு சந்தேகம் இடம் மாறியது. இப்போது அவர்தான் என்னைக் கவனித்தார். அவருடைய வீட்டுப் பக்கம் நான் சைக்கிளை உருட்டினாலே, "என்ன, அறிக்கைக்கு ஆள் வந்திட்டுது" என்று உள்ளேயிருந்து குரல் வரும். பேப்பரை என்னிடம் நீட்டுவதில்லை. சமைக்க வந்த அம்மாவைக் கொண்டு மரண அறிவித்தல் வாசிக்கச் சொல்கிறார். அவளுக்கு வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான் வரும், ஒரு ஆளை அடக்கம் செய்ய அரைமணி நேரமாகிறது. ஞாயிறு தோறும் நான் 'மாற்றமில்லை' என்று எழுதினேன். உண்மையாகவே மாற்றமில்லை. மனிதர் தன் வழக்கமான பாதைகளில் எங்களைவிடக் கெதியாக நடந்தார்.

ஒரு ஞாயிறு காலை நான் படலையைத் திறக்கும்போது அவர் தேவாலயத்துக்குக் குடையோடு வந்துகொண்டிருந்தார். ஒழுங்கை வாசலில், குழாய்த் தண்ணீருக்கென்று முதல் நாள் பின்னேரம் ஒப்பந்தக்காரர் வெட்டிய கிடங்கு ஆளாழத்துக்கு வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. தடுப்பு இல்லை, கயிறு இல்லை, ஒரு கொப்புக்கூட நட்டிருக்கவில்லை. அவர் நடந்த வேகத்தில் அது அவருடைய நினைவில் இல்லை என்பது தெரிந்தது.

"ஐசே, நில்லும்!" என்று கத்தினேன்.

நின்றார். ஒரு பாதத்தின் முன்பாதி வெறும் காற்றில் இருந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். அவர் உதறவில்லை.

"என்ன?"

"கிடங்கு."

"நேற்று இல்லை."

"இண்டைக்கு இருக்குது."

அவர் குடை நுனியை முன்னால் நீட்டினார். அது எதையும் தொடவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினார். பிறகு குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முகத்தை என் பக்கம் திருப்பாமல், "இண்டைக்கு ஞாயிறு" என்றார். "எழுதப் போறீர், என்ன?"

பின்வளவுகளுக்குள்ளால் சுற்றி அவரைத் தேவாலய வாசல்வரை கொண்டுபோய் விட்டேன். பின்னேரம் கைத்தொலைபேசியை எடுத்து நெடுநேரம் வைத்திருந்தேன். விழவில்லை. தடுமாறவும் இல்லை, நின்றவர் நேராகத்தான் நின்றார். மாறியது ஒழுங்கை. ஒழுங்கைக்கு உரியது பிரதேச சபை. 'மாற்றமில்லை' என்று அனுப்பினேன். இந்த விளக்கத்தை வேறொரு உத்தியோகத்தர் என் முன்னால் கொண்டுவந்திருந்தால் அவரை அரைமணி நேரம் குறுக்கு விசாரணை செய்திருப்பேன்.

திங்கள் பிரதேச சபைக் கந்தோர் திறக்கும்போது நான் வாசலில் நின்றேன். எந்த உத்தியோகத்தரிடம் போக வேண்டும், அவர் யாரைக் காட்டித் தப்புவார், அப்படிக் காட்டப்படுபவர் எந்த மேசையில் இருப்பார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் நேராக மூன்றாவது ஆளிடமே போனேன். ஒழுங்கை வாசலில் தடுப்பு வேண்டும், சுற்றிப் போகப் பலகை வேண்டும், இனிமேல் அந்த ஒழுங்கையில் மண்வெட்டி வைப்பதற்கு முதல் நாள் கடைசி வீட்டுக்கு ஆள் அனுப்பி வாயால் சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் இளம் உத்தியோகத்தர், மரியாதையானவர். என்னைக் கண்டதும் எழும்பி நின்றிருந்தார். இப்போது குழப்பத்தோடு மறுபடி கதிரையில் இருந்தார்.

"தடுப்புப் போடலாம், ஐயா. ஆனால் வீட்டை போய்ச் சொல்லுறதெண்டால்... அவ்வளவு பெரிய கிடங்கு, எல்லாருக்கும் தெரியும்தானே?"

நான் பக்கத்து மேசைக் கதிரையை இழுத்து அவருக்கு முன்னால் போட்டு அதில் இருந்தேன். "எல்லாருக்கும் தெரியாது, தம்பி" என்று தொடங்கினேன்.